ரோஸ் வீட்டுக்காரர்களின் முதல் தட்டு

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் கிட்டார் வாசிக்கிறவனுக்கு ஜிம் ரீவ்ஸ் பாட்டு பத்தாவது தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சோறு இல்லை. மனுஷன் ‘கொன்ட்ரி’ என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுக்காரர், 1964இல் விமான விபத்தில் செத்துப்போனார். இலங்கையில் மட்டும் இன்னும் சாகவில்லை. கொழும்பிலிருந்து வரும் பெரியவர்கள் இரண்டாவது கிளாஸ் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு அவர் பாட்டைத்தான் கேட்பார்கள். இருபது வருசமாக என் பிழைப்பு இதுதான். வாரக் கடைசியில் ஹோட்டல், மற்ற நாளில் தலவாக்கலையில் அம்ப், ஸ்பீக்கர் ரிப்பேர். அதனால் ‘கொன்ட்ரி’ என்று சொன்னால் என் மனசில் ஒரே ஒரு உருவம்தான் வரும். கோட்டுப் போட்டு, தலை படிய வாரி, குரலில் ஒரு சுருக்கம் விழாமல் பாடுகிற ஆள்.

ஆறேழு வருசத்துக்கு முன்னால் வெள்ளைத் தாடிக் கனடாக்காரர் ஒருவர் வந்து ‘த வெயிட்’ வாசிப்பாயா என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. வேறு எதையோ வாசித்துச் சமாளித்தேன். அவர் சிரித்துவிட்டு ஒரு டிஷ்யூவில் பாட்டுப் பெயரையும் அது வந்த இசைத்தட்டின் பெயரையும் எழுதி, ஐந்நூறு ரூபாய்த் தாளோடு மேசையில் வைத்துவிட்டுப் போனார். தாள் அன்றைக்கே போய்விட்டது. டிஷ்யூ ரொம்ப நாள் கிட்டார் பெட்டிக்குள்ளே கிடந்தது.

தட்டின் பெயர் ‘மியூசிக் ஃப்ரொம் பிக் பிங்க்’. 1968 ஜூலை முதலாம் திகதி கெப்பிட்டல் ரெக்கோட்ஸ் வெளியிட்டது. குழுவின் பெயர் ‘த பேண்ட்’. கல்யாண வீட்டில் “பேண்ட் வந்துருச்சா?” என்று கேட்போமே, அந்த பேண்ட்தான். பேர் வைக்கச் சோம்பல்பட்ட மாதிரி இருக்கும். ஐந்து பேர். ரொபி ரொபர்ட்சன், ரிக் டான்கோ, ரிச்சர்ட் மெனுவல், கார்த் ஹட்சன் நான்கு பேரும் கனடாக்காரர்கள். ட்ரம்ஸ் வாசிக்கும் லீவொன் ஹெல்ம் மட்டும் அமெரிக்காவின் தெற்கே ஆர்கன்சா மாநிலத்தில் பருத்தி போட்டுப் பிழைத்த வீட்டுப் பிள்ளை. டான்கோவின் ஊர் ஒண்டாரியோவில் புகையிலை விளைகிற சிம்கோ பக்கம். ஒருத்தன் பருத்தி, ஒருத்தன் புகையிலை. தேயிலைக்காரன் காதில் இது சும்மா விழுந்து போகிற விசயமில்லை.

முதலில் ரொனி ஹொக்கின்ஸ் என்ற பாடகருக்குப் பின்னால் நின்று வாசித்தார்கள். அப்புறம், அதுவரை சாதாரணக் கிட்டாரோடு கிராமியப் பாட்டுப் பாடிய அமெரிக்கர் பொப் டிலன் எலெக்ட்ரிக் கிட்டாரைத் தூக்கியபோது அவருக்குப் பின்னால். எலெக்ட்ரிக் பிடிக்காமல் அந்தக் கச்சேரிகளில் சனம் கூச்சல் போட்டது. ஹெல்ம் அதைத் தாங்காமல் 1965 கடைசியிலேயே கழன்று, மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய் தோண்டும் மேடையில் வேலைக்குப் போய்விட்டார். 1967இல் மற்றவர்கள் நியூயோர்க் மாநிலத்தில், வூட்ஸ்டொக் பக்கத்து வெஸ்ட் சோகர்ட்டீஸில், வெளிச்சுவர் ரோஸ் கலரில் இருந்த ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். அதுதான் பிக் பிங்க். டிலனும் வருவார். நிலவறையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருப்பார்கள். பிறகு ஹெல்மையும் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

இந்தத் தட்டு அந்த வீட்டுக்குள்ளேதான் பதிவானது என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாட்டுகள் பழுத்தது அங்கே. பதிவு நடந்தது நியூயோர்க், லொஸ் ஏஞ்சலிஸ் ஸ்டூடியோக்களில், ஜோன் சைமன் என்கிற தயாரிப்பாளர் கையில். ஆனால் ஸ்டூடியோ வாடையே அடிக்காது. ஹெட்ஃபோனைப் போட்டால் யாரோ வீட்டு முன் இஸ்தோப்பில் போய் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

அட்டைப் படத்தைச் சொல்ல வேண்டும். முன்னட்டையில் குழுவின் பெயர் கிடையாது. டிலன் கைப்பட வரைந்த படம். பள்ளிக்கூடப் பிள்ளை வரைந்த மாதிரி கொஞ்சம் ஆட்கள், வாத்தியங்கள், கூடவே ஒரு யானை. எதற்கு யானை? எங்கள் நாட்டுக்காரர் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வழியில்லை. உள்ளட்டையைத் திறந்தால்தான் எனக்குத் தொண்டை அடைத்தது. ‘நெக்ஸ்ட் ஒஃப் கின்’ என்று தலைப்புப் போட்டு ஒரு குடும்பப் படம். டான்கோவின் அண்ணன் பண்ணையில், ஐந்து பேரும் தங்கள் அப்பா, அம்மா, மாமன், மச்சான், பிள்ளைகுட்டிகளோடு நிற்கிறார்கள். அந்தக் காலத்து ராக் பையன்கள் பெற்றவர்களை எதிர்த்துத்தான் பாடிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் என்னடா என்றால் சொந்தபந்தத்தையெல்லாம் அழைத்து வைத்துக் குரூப் போட்டோ பிடித்திருக்கிறார்கள். ஹெல்மின் அப்பா அம்மாவால் ஆர்கன்சாவிலிருந்து வர முடியவில்லை. அதனால் அவர்கள் படத்தை மட்டும் தனியாக மூலையில் ஒட்டியிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படம் இருக்கிறது. 1974, அட்டனில் ஒரு ஸ்டூடியோ. சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்கு எழுதினார்களே, அந்தக் கணக்கில் பெரியப்பா குடும்பமும் விழுந்தது. தலைமன்னாரில் கப்பலேறுவதற்கு முன்னால் எல்லோருமாகப் போய் எடுத்த போட்டோ. பதுளைப் பக்கம் கட்டிக்கொடுத்த அத்தையால் வர முடியவில்லை. ஸ்டூடியோக்காரர் அத்தையின் பழைய படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, வலது மேல் மூலையில் ஒரு வட்டத்துக்குள் வைத்துத் திரும்பப் படம் பிடித்துக் கொடுத்தார். அத்தை மட்டும் வேறு வெளிச்சத்தில் இருப்பார். எல்லோரும் கேமராவைப் பார்க்க, அவர் எங்கேயோ பக்கவாட்டில் பார்ப்பார். ஹெல்மின் பெற்றோர் ஒட்டியிருக்கும் மூலையைப் பார்த்தபோது அத்தை முகம்தான் வந்தது. பாட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள்ளே இந்தத் தட்டு எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது.

இனிப் பாட்டு. முதல் தட்டை விடுகிற குழு எப்படித் தொடங்கும்? துள்ளலாக ஒன்றைப் போட்டு ஆளை இழுக்கும். இவர்கள் ஒப்பாரியில் தொடங்குகிறார்கள். ‘டியர்ஸ் ஒஃப் ரேஜ்’, டிலன் வரிகள், மெனுவல் மெட்டு. மகளிடம் மனசு உடைந்துபோன ஒரு அப்பன் புலம்புகிறான். மெனுவலின் குரல் மேலே ஏறும்போது உடையும், உடைந்த இடத்தை மறைக்கவும் மாட்டார். பின்னால் ஹட்சனின் ஓர்கன் மார்கழி மாதத்து மூடுபனி மாதிரி சத்தமில்லாமல் வந்து சூழ்ந்துகொள்ளும். எங்கள் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தில், எரிந்துபோன புருசன் காமனுக்காக ரதி புலம்பும் இடம் வரும்போது அதுவரை கூத்தடித்துக்கொண்டிருந்த பொடியன்கள்கூட அடங்கி உட்காருவார்கள். அந்த அடக்கம் இந்தப் பாட்டில் முதல் நிமிசத்திலேயே வந்துவிடுகிறது.

ட்ரம்ஸைப் பற்றி எனக்கு ஒரு சாட்சி இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் தப்படிக்கிற மாமா ஒருவர். மாசியில் கம்பம் ஊன்றினால் காமன் தகனம் வரைக்கும் அவர் கை நிற்காது. எங்கள் ஊர்க் குளிரில் தோல் தொய்ந்துபோகும். அரை மணிக்கொரு தரம் மானாப்புல்லைக் கொளுத்தித் தப்பைக் காட்டி எடுப்பார். விரலால் சுண்டிப் பார்த்து, ‘டண்’ என்று வந்தால்தான் திரும்பத் தோளில் மாட்டுவார். ஒரு நாள் அவருக்கு ‘த வெயிட்’ போட்டுக் காட்டினேன். ஆரம்பக் கிட்டார் முடிந்து ஹெல்மின் அடி விழுந்ததும் முகத்தைச் சுளித்தார்.

“யாருடா தம்பி இவன்? தோல நனைச்சுப்புட்டு அடிக்கிறான்!”

“வேணும்னேதான் மாமா அப்பிடி வச்சிருக்கான்.”

பாட்டு முழுக்கக் கேட்டார். தொடையில் தட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னார். அப்புறம் சொன்னார்: “சத்தம் கம்மிதான். ஆனா ஒரு அடிகூட வீணா விழல.” ஹெல்மைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்திலும் இதைவிடச் சரியான வார்த்தை கிடைக்கவில்லை. ட்ரம்ஸைத் தளர்த்தி, அமுக்கி, மண் தரையில் கட்டை விழுவது போல ஒரு சத்தத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். வாசித்துக்கொண்டே பாடவும் செய்கிறார். கையும் வாயும் ஒரே ஆளுடையது என்பதால் பாட்டின் மூச்சும் தாளமும் ஒன்றையொன்று தள்ளாது.

‘த வெயிட்’ பாட்டின் கதை நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. ஒருத்தன் களைத்துப்போய் நாசரேத் என்ற ஊருக்கு வருகிறான். படுக்க ஒரு இடம் கேட்கிறான். ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் அவன் தலையில் இன்னொரு வேலையைக் கட்டுகிறார்கள். என் நாயைப் பார்த்துக்கொள் என்கிறான் ஒருவன். இவளோடு துணைக்கு இரு என்கிறான் இன்னொருவன். லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து, டவுனுக்குப் போன யாருக்கும் இது தெரியும். “அட்டனுக்கா போற? அப்பிடியே அம்மாயி கண்ணாடிய வாங்கிட்டு வந்துரு.” “தம்பி, இந்த டோர்ச்சுக்கு ரெண்டு பெட்டரி.” “அண்ணே, பிரஷர் குளுச முடிஞ்சிருச்சு, துண்டு இந்தா.” சம்பளம் வாங்கிய மறுநாள் பஸ் ஏறியவன் திரும்பி வரும்போது பத்து வீட்டுச் சாமானைச் சுமந்துகொண்டு வருவான். சொந்த வேலைக்குப் போனதை மறந்திருப்பான்.

நாசரேத் என்றதும் இயேசுவின் ஊர் என்று நினைத்தேன். அது பென்சில்வேனியாவில் மார்ட்டின் கிட்டார் செய்கிற ஊர். ரொபர்ட்சன் தன் கிட்டார் ஓட்டைக்குள் பார்த்து, அங்கே அச்சடித்திருந்த ஊர்ப் பெயரைப் பாட்டில் போட்டுவிட்டார். இதைப் படித்த அன்று நானும் டோர்ச் அடித்து என் கிட்டாருக்குள் பார்த்தேன். லேபல் இருந்த இடத்தில் பூஞ்சணம்தான் இருந்தது. நுவரெலியா ஈரத்துக்குக் கம்பி கட்டுகிற பிரிட்ஜே இரண்டு தரம் கிளம்பியிருக்கிறது, லேபல் எந்த மூலைக்கு.

வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏ, சி ஷார்ப் மைனர், டி, திரும்ப ஏ. சரணத்துக்குக் கோர்ட் அவ்வளவுதான். ஒரு மாசம் கிட்டார் பழகிய பிள்ளைகூட வாசிக்கலாம். பல்லவி முடிந்ததும் ஏயிலிருந்து பேஸ் ஒவ்வொரு படியாக இறங்கி டியில் வந்து நிற்கிற இடம்தான் கஷ்டம். விரலுக்கு ஒரு கஷ்டமும் இல்லை, பொறுமைக்குத்தான். மேல் லயத்திலிருந்து தண்ணீர்ப் பீலிக்குக் குடத்தோடு இறங்குகிற மாதிரி நிதானமாக இறங்க வேண்டும். அவசரப்பட்டால் வழுக்கும். பல்லவியில் மூன்று குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் கொஞ்சம் பிந்தி வந்து ஏறும். தனியாக ஹோட்டலில் நின்று வாசிக்கிறவனால் அதைச் செய்யவே முடியாது. முயற்சி செய்து பார்த்தேன். ஒரு ஹோட்டலில் மனேஜர் வந்து, கெஸ்ட்டுக்குத் தெரியாத பாட்டெல்லாம் வேண்டாம் என்றார். அந்த மாசக் காசில் ஒரு இரவுக் கூலி குறைந்திருந்தது. கேட்டதற்குக் கணக்குப் பிள்ளையைப் பார்க்கச் சொன்னார்கள். கணக்குப் பிள்ளை லீவு.

இந்தத் தட்டில் எனக்குப் பெரிசாகப் படுவது அந்தக் குரல்கள்தான். மெனுவல், டான்கோ, ஹெல்ம் மூன்று பேருமே முன்னால் நின்று பாடக்கூடியவர்கள். ஆனால் யாரும் முன்னால் நிற்கவில்லை. நான் பிறந்த லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரையைத் தொடாது. மேலே இடைவெளி இருக்கும். முதல் காம்பராவில் யாராவது தாலாட்டுத் தொடங்கினால் மூன்றாவது காம்பராவில் ஒரு கிழவி அடுத்த அடியை எடுப்பாள். முகம் தெரியாது. சுருதியும் சரியாகச் சேராது. சேராததுதான் அழகு. ‘வீ கேன் டோக்’ கேட்டுப் பாருங்கள். ஒருத்தர் பாதி வரியில் விட்டதை இன்னொருத்தர் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து பிடிக்கிறார். தேவாலயப் பாட்டும் சந்தைக் கடைப் பேச்சும் கலந்த மாதிரி. ஜிம் ரீவ்ஸ் கேட்டு வளர்ந்தவனுக்கு முதலில் இது ஒழுங்கில்லாமல் தெரியும். மூன்றாவது தரம் கேட்டால் ஜிம் ரீவ்ஸ் கொஞ்சம் இஸ்திரி அதிகமாகப் போட்ட சட்டையாகத் தெரியத் தொடங்குவார். (ஹோட்டலில் இதைச் சொல்ல மாட்டேன்.)

சுத்தமான கொன்ட்ரி என்று இதில் ஒன்றே ஒன்றுதான், ‘லோங் பிளாக் வெயில்’. இவர்களுடைய பாட்டு இல்லை. 1959இல் லெஃப்டி ஃப்ரிசெல் பாடியது. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவனிடம் அன்று இரவு எங்கே இருந்தாய் என்று நீதிபதி கேட்கிறார். சொன்னால் உயிர் தப்பலாம். ஆனால் அவன் இருந்தது உயிர் நண்பனின் மனைவியோடு. வாயைத் திறக்காமல் தூக்குக்குப் போகிறான். கதையைச் சொல்கிறவனே அந்தச் செத்தவன்தான். அவள் கறுப்பு முக்காடு போட்டு அவன் சமாதிக்கு வருகிறாள். நம் கூத்து வாத்தியார் கையில் கொடுத்தால் விடிய விடிய ஆடக்கூடிய கதை. டான்கோ இதைக் கண்ணீர் விடாமல், ஊர்ச் செய்தி சொல்வது போலப் பாடுகிறார். மற்றக் குரல்கள் பல்லவியில் வந்து சேரும்போது சாவு வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கும் ஆட்கள் மாதிரி கேட்கும்.

‘இன் எ ஸ்டேஷன்’ மெனுவல் எழுதியது, மென்மையான பாட்டு. நானுஓயாவில் கொழும்பு ரயிலுக்குக் காத்திருக்கும்போது கேட்டுப் பார்த்தேன். ரயில் ஒரு மணி நேரம் பிந்தியது. முதல்தடவையாக எனக்குக் கோபம் வரவில்லை.

குறை இல்லாமல் இல்லை. ‘டு கிங்டம் கம்’ பாட்டில் ரொபர்ட்சனே பாடுகிறார். பக்கத்தில் இப்படி மூன்று தொண்டைகள் இருக்கும்போது அவருக்கு ஏன் இந்த ஆசை என்று தெரியவில்லை. கிட்டாரில் பேசுகிற மனுஷன், பேசாமல் வாசித்திருக்கலாம். ‘செஸ்ட் ஃபீவர்’ தொடக்கத்தில் ஹட்சன் ஓர்கனில் பழைய ஜெர்மன் இசை மேதை பாஹ்ஹை வாசிப்பது போலத் தொடங்கி, அப்படியே கோயிலை விட்டிறங்கிச் சாராயக் கடைக்குள் நுழைவார். அந்த ஒரு நிமிசத்துக்காக மட்டும் நூறு தரம் கேட்டிருக்கிறேன். வரிகள்? வாய்க்கு வந்ததைப் போட்டு நிரப்பியதுதான், ரொபர்ட்சனே ஒத்துக்கொண்ட விசயம். ‘லோன்சம் சூசி’ எனக்கு நீளமாகத் தெரிகிறது. ‘கெலிடோனியா மிஷன்’, ‘திஸ் வீல்ஸ் ஒன் ஃபயர்’ இரண்டும் டான்கோ பாடுவது, நல்ல பாட்டுகள், அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

பின்னாளில் பாட்டு யாருடையது என்று ரொபர்ட்சனுக்கும் ஹெல்முக்கும் மனஸ்தாபம் வந்து, கடைசி வரை தீரவில்லை. எல்லோரும் சேர்ந்து உருட்டிய பாட்டில் ஒருத்தர் பெயர் மட்டும் ஏறியது என்பது ஹெல்மின் குறை. யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. எங்கள் கொழுந்து மலையில் பாடிய பாட்டுகளில் எதற்குமே யார் பெயரும் இல்லை. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தேடி எழுதி வைத்திராவிட்டால் பாட்டே இருந்திருக்காது.

எந்தப் பதிப்பைக் கேட்பது? 2000இல் வந்த சீடியில் ஒன்பது பாட்டுகளைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள். முதல் தடவை கேட்கிறவர்கள் பதினோராவது பாட்டோடு நிறுத்திவிடுங்கள். மிச்சத்தை வேறொரு நாள் பார்க்கலாம். 2018இல் ஐம்பதாம் ஆண்டுக்காக பொப் கிளியர்மவுன்டன் புதிதாக மிக்ஸ் செய்தது ஒன்று இருக்கிறது. எல்லா வாத்தியமும் பளிச்சென்று தனித்தனியே கேட்கும். ஸ்பீக்கர் ரிப்பேர்காரன் என்ற முறையில் அந்த வேலையைப் பார்த்துச் சலாம் போடுகிறேன். கேட்பதற்குப் பழைய மிக்ஸ்தான் எடுப்பேன். பனி விலகினால் எங்கள் தோட்டத்திலும் எல்லாம் தெளிவாகத் தெரியும். தெரிவது தகரக் கூரையும் கிழிந்த தார்ப்பாயும்தான். ரயிலில் கேட்கப் போகிறவர்கள் வீட்டிலேயே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். பட்டிப்பொல தாண்டும்போது சிக்னல் வந்து வந்து போகும், ஓர்கன் பாதியில் அறுந்தால் அன்றைய பயணம் வீண்.

மெனுவல் 1986இல் போனார். டான்கோ 1999, ஹெல்ம் 2012, ரொபர்ட்சன் 2023. கடைசியாக மிஞ்சியிருந்த ஹட்சனும் 2025 ஜனவரியில் போய்ச் சேர்ந்தார். அந்தச் செய்தி வந்த அன்று இரவு வீட்டில் தட்டை முதலிலிருந்து போட்டேன். அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் பாட்டு என்றால் அவருக்கு என் தொழில் சத்தம், மழைச் சத்தம் மாதிரி, காதில் ஏறாது. பத்துப் பாட்டும் அப்படியே போயின. கடைசிப் பாட்டு ‘ஐ ஷெல் பி ரிலீஸ்ட்’. டிலன் எழுதியது. சிறைக்குள் இருப்பவன் விடுதலையாகப் போகிறேன் என்கிறான். மெனுவல் அதைப் பெண் குரல் மாதிரி உச்சியில், உடைந்துவிடுமோ என்று பயப்படும்படி பாடுவார். அம்மா மாவுக் கையோடு கதவுக்கிட்ட வந்து நின்றார்.

“யாரு இந்தப் புள்ள?”

“செத்துட்டாரும்மா. ரொம்ப வருசமாச்சு.”

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். “குளுருல நடுங்குற மாதிரியே பாடுது. யாராச்சும் ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடுத்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டு, ரொட்டி கருகுகிற வாசனைக்கு உள்ளே ஓடினார்.